தலைவரிடமா, கச்சேரிக்கா (அரச அலுவலகத்துக்கா), கோர்ட்டுக்கா, ரோட்டுக்கா? லயத்துக்கு மேலே மண் வெடித்தவர்களுக்கு

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் நடுவே, ஹட்டன் பக்கத்தில் ஒரு சின்ன கொமினிகேஷன் நடத்துகிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், அடையாள அட்டைக்குப் படம், அதோடு கடிதமும் அடித்துக் கொடுப்பேன். "தம்பி, ஒரு பெட்டிசம் போடணும்" என்று வருகிறவர்களுக்கு என்ன நடந்தது என்பது தேதியோடு தெரியும். என்ன வேண்டும் என்பதும் தெரியும். யாருக்குப் போடுவது என்று கேட்டால்தான் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

கடைசியாக வந்தவர் பணிய (கீழ்) லயத்து அக்கா ஒருவர். லயம் என்றால் தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகள், ஒவ்வொரு வீடும் ஒரு காம்பரா. லயத்துக்குப் பின்னால் மேட்டில் மண் வெடித்திருக்கிறது. முதலில் அந்த வெடிப்புக்குள் ஒரு பத்து ரூபா நாணயக் குற்றி போகிற அளவுதானாம். அடுத்த மழைக்குப் பிறகு கையே உள்ளே போகிற அளவாம். ஜீப்பில் சிலர் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், "இங்க இருக்கக் கூடாது" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள். காகிதம் ஒன்றும் தரவில்லை. அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. பன்னிரண்டு காம்பராவிலும் ஆட்கள் இன்னும் அப்படியே இருக்கிறார்கள்.

இப்படியானவர்களுக்கு மலையகத்தில் நான்கு வழிகள் உண்டு: தொழிற்சங்கத் தலைவர், தகவல் கோரிக்கை, மனித உரிமை ஆணைக்குழுவும் அடிப்படை உரிமை வழக்கும், போராட்டம். எது நல்லது என்று ஒரே வரியில் சொல்லச் சொல்கிறார்கள். முடியாது. ஆனால் எதை வைத்து அளப்பது என்று சொல்ல முடியும்.

எதை வைத்து அளப்பது

முதலாவது, பதில் யார் கைக்கு வருகிறது என்பது. என் கணக்கில் இதுதான் பெரியது. மலையகத்தில் இருநூறு வருஷமாக எங்களுக்காக யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கங்காணி தோட்டத்துரையிடம் கேட்டார், தலைவர் மந்திரியிடம் கேட்டார். பதிலும் அவர்களிடமே போனது. எங்களுக்கு வந்தது "பேசியிருக்கோம்" என்ற ஒரு சொல். அதை பைலில் போட்டு வைக்க முடியாது, அடுத்த அலுவலகத்தில் காட்டவும் முடியாது.

இரண்டாவது, நாள். மழைக்காலத்துக்கு முன்னால் பதில் வருமா?

மூன்றாவது, காசு. வக்கீல் பீஸை மட்டும் பார்க்காதீர்கள். கண்டிக்கோ கொழும்புக்கோ போகிற நாளில் பேர் விழாது, அதாவது அன்றைய நாட்சம்பளம் கிடையாது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயமானது. அதையே அளவாக வைத்தாலும், நான்கு பேர் ஒரு நாள் போய்வந்தால் பஸ் காசு இல்லாமலே 5,400 ரூபா போய்விடும்.

நான்காவது, யார் கண்ணில் படுவோம் என்பது. இருக்கிற காம்பரா தோட்டக் கொம்பனியின் நிலத்தில், மகனுக்குத் தோட்டத்தில் வேலை வேண்டும், மகளுக்கு கிராம சேவகரின் கையெழுத்து வேண்டும். இந்த நிலைமையில் இருப்பவர்களைப் பார்த்து "பயப்படாதீங்க" என்று சொல்வது சும்மா வாய்ப்பேச்சு.

ஐந்தாவது, பதில் வராவிட்டால் அடுத்து என்ன செய்யலாம்? சில வழிகளுக்குப் பல் உண்டு, சிலவற்றுக்கு ஈறு மட்டும்தான்.

தலைவர் வழி

சங்கத்தைத் திட்டுவது இப்போது எங்கள் இளைஞர்களிடம் ஒரு பழக்கமாகிவிட்டது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் 1931இல் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தபோது, தோட்டத்துக்குள் கூட்டம் போட துரையின் அனுமதி வேண்டியிருந்தது. அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டாகப் பாடித்தான் விஷயத்தை லயத்துக்குள் கொண்டுபோனார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். சங்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

சட்டத்திலும் இந்த வழிக்கு இடம் உண்டு. ஒரு வேலைத்தளத்தில் 40 சதவீதத் தொழிலாளரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு முதலாளி பேசித்தான் ஆகவேண்டும் என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. சம்பளம், சேமலாப நிதி, அரைப்பேர் (அரைநாட் சம்பளம்), வேலைநீக்கம் போன்ற கொம்பனி சம்பந்தப்பட்ட எதற்கும் முதலில் போகவேண்டிய இடம் இதுதான். மற்ற வழிகள் அரசாங்கத்தைப் பிடிக்கத்தான் உதவும், கொம்பனியைப் பிடிப்பது கஷ்டம்.

வேகத்தைப் பார்த்தால்தான் மனசு சோர்கிறது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தது. 2016இல் அடிப்படைச் சம்பளம் 500 என்று கையெழுத்தானது, 2019இல் 700. ஆயிரம் வந்தது 2021 மார்ச்சில். அதுவும் சங்கங்களும் கொம்பனிகளும் போடும் கூட்டு ஒப்பந்தத்தால் வரவில்லை, சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானியால்தான் வந்தது. ஆறு வருஷத்தில் அரிசி விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் மாதாமாதம் வெட்டுகிற சந்தாவை நான் கணக்கில் எடுக்க மாட்டேன், அது தெரிந்த செலவு. தெரியாத செலவு வேறு. ஒரே லயத்தில் மூன்று சங்கம் இருந்தால், ஒரு தலைவர் கொண்டுபோன விஷயத்தை மற்ற இரண்டு பேரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வெடிப்புக்குக் கட்சி கிடையாது, ஆனால் அதைப் பார்க்க வருகிறவருக்கு உண்டு. அப்புறம் தேர்தல். அதற்கு ஆறு மாதம் முன்னால் சொன்னால் எல்லாம் நடக்கும்போல இருக்கும், தேர்தல் முடிந்த மறுநாள் போன் எடுக்க மாட்டார்கள்.

மண் வெடித்த விஷயத்தில் தலைவரை வைத்து ஒரு காரியம் மட்டும் உடனே செய்யலாம். இன்று ராத்திரி மழை பெய்தால் பிள்ளைக்காம்பராவையோ (குழந்தைகள் காப்பகம்) ஸ்கூல் ஹோலையோ திறந்துவிடச் சொல்லி துரைக்குப் போன் போட அவரால் முடியும். அதைச் செய்யச் சொல்லுங்கள். வீட்டு விஷயத்தை அவரை மட்டும் நம்பி விடாதீர்கள்.

தகவல் கோரிக்கை வழி

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அரச அலுவலகம் ஒன்றிடம் இருக்கிற காகிதத்தை நீங்கள் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. தமிழில் எழுதலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலைநாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு. ஆணைக்குழு உத்தரவு போட்டால் அலுவலகம் கொடுத்தாக வேண்டும். பல் உள்ள வழி.

கோரிக்கை, கேட்பவரின் உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்றும் இந்தச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. மண்சரிவு அதற்குள் வராவிட்டால் வேறு எது வரும்? அதனால் இந்த மாதிரிக் கடிதம் அடிக்கும்போது மேலே தடித்த எழுத்தில் "உயிராபத்து சம்பந்தப்பட்ட கோரிக்கை, 48 மணித்தியாலம்" என்று போட்டுவிடுகிறேன். 48 மணித்தியாலத்தில் எனக்கு இதுவரை ஒரு பதிலும் வந்ததில்லை. ஆனால் அப்படிப் போட்ட கடிதங்கள் மேசையில் மேலேயே கிடக்கின்றன என்பது என் அனுபவம்.

என்ன கேட்பது என்பதில்தான் சூட்சுமம். "எங்களுக்கு ஏன் வீடு தரவில்லை?" என்று கேட்டால் அது தகவல் கோரிக்கை ஆகாது. "எங்கள் லயத்தின் மண்சரிவு ஆய்வறிக்கையின் பிரதி, அது எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, அந்த அலுவலகம் அனுப்பிய பதிலின் பிரதி" என்று கேட்க வேண்டும். மண்சரிவு அபாயத்தை ஆராய்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். காணி பற்றிய காகிதம் பிரதேச செயலகத்தில் இருக்கும். இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் போடுங்கள், அப்போதுதான் ஒருவர் மற்றவரைக் கைகாட்ட முடியாது.

மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. யார் யாருக்குச் சொன்னார்கள், சொன்ன பிறகு எந்த மேசையில் நின்றது என்று உயிரோடு இருந்தபோது கேட்க அந்த மக்கள் கையில் இந்தச் சட்டம் இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

இந்தச் சட்டத்தைப் பாவிக்க முடிவது பிரஜைகளால் மட்டும். கொழும்பில் இருப்பவருக்கு அது ஒரு சாதாரண நிபந்தனை. எங்களுக்கு அப்படியல்ல. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களின் பிரஜாவுரிமை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தோடு போனது, அடுத்த வருஷம் வாக்கும் போனது. 1964இல் இந்தியாவோடு செய்த ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைக்கணக்குப் போட்டது. மிச்சம் இருந்தவர்களுக்கு ஒரு வழி பிறக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் தாத்தா ஒரு அரச அலுவலகத்துக்குக் கடிதம் போட்டிருந்தால், "நீ யார்?" என்பதுதான் அவருக்கு வரும் முதல் கேள்வி. "பிரஜை" என்று நானே இப்போது படிவத்தில் அடிக்கும்போது சில நாளில் கை கொஞ்சம் நிற்கும்.

சரி, மறைமுகச் செலவு. இரண்டு.

ஒன்று, தபால். லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. பல தோட்டங்களில் கடிதம் ஆபிஸுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. அரச முத்திரை குத்திய கவர் தொழிலாளி பேருக்கு வந்தால் ஆபிஸில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சில கவர் வந்து சேர்வதே இல்லை. அதனால் டவுனில் கடை வைத்திருக்கிற சொந்தக்காரர் முகவரியைப் போடுங்கள். யாரும் இல்லாவிட்டால் நம்பிக்கையான ஒரு கடை, கோயில், டியூஷன் மாஸ்டர். அனுப்பும்போது பதிவுத் தபாலில் அனுப்பி அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். நாள் எண்ணத் தொடங்குவது அதிலிருந்துதான்.

இரண்டாவது, மொழி. தமிழில் கேட்டதற்கு சிங்களத்தில் பதில் வரும். தமிழில் பதில் பெற அரசியலமைப்பே உரிமை தருகிறது, திருப்பி அனுப்பிக் கேட்கலாம். ஆனால் அவசரம் என்றால் முதலில் யாரையாவது கொண்டு வாசித்துவிடுங்கள், சண்டையைப் பிறகு போடலாம்.

இந்த வழியின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். காகிதம் வரும், வீடு வராது.

ஆணைக்குழுவும் உயர் நீதிமன்றமும்

அரசாங்கமோ அதன் அதிகாரியோ உங்கள் அடிப்படை உரிமையை மீறினால் நேராக உயர் நீதிமன்றத்துக்கே போகலாம் என்று அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை சொல்கிறது. ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். இந்த ஒரு மாதத்தில்தான் எங்கள் ஆட்கள் தோற்கிறார்கள். தலைவர் "பொறுங்க, பேசுறேன்" என்பார், பொறுப்போம், மாதம் முடிந்துவிடும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆவது பிரிவு. முறைப்பாட்டுக்குக் காசு இல்லை, தமிழில் ஒரு கடிதம் போதும், கண்டியிலும் பதுளையிலும் காரியாலயம் உண்டு. ஆணைக்குழு சிபாரிசு செய்யும், அதை அலுவலகம் கேட்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஈறு மட்டும். ஆனாலும் போய்க் கொடுங்கள், மாதக் கணக்கை நிறுத்தி வைக்கிறதே, அதற்காகவாவது.

நீதிமன்றத்தால் என்ன ஆகும் என்பதற்கு மலையகத்திலேயே இரண்டு கதை இருக்கிறது, இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கும். மடுல்கலைப் பக்கம் தோட்டத்துக்குத் துரைவேலை பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்காரர் தொழிலாளர் பக்கம் பேசினார் என்று 1937இல் ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று அவரை விடுவித்தது. ஆளுநரின் கையெழுத்தையே நீதிமன்றம் வெட்டிவிட்டது. அவருக்கு வாதாட நாட்டின் மிகப் பெரிய வழக்கறிஞர்கள் வந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மற்றக் கதை கொடக்கன் பிள்ளையினுடையது. வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்க மறுத்ததை எதிர்த்து, பிரஜாவுரிமைச் சட்டமே பாரபட்சமானது என்று அவர் அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். 1953இல் அங்கும் தள்ளுபடி. அநியாயம் சட்டமாகவே எழுதப்பட்டிருந்தால் நீதிமன்றம் அதை வாசித்துக்காட்டுவதோடு நின்றுவிடலாம்.

அண்மைய உதாரணம் ஒன்று. 2023 மார்ச் 9ஆம் தேதி நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று நடத்தவில்லை. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 ஓகஸ்டில். வாக்குப் போட்டது 2025 மே 6ஆம் தேதி. வென்ற வழக்குத்தான், ஆனால் இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் பிரதேச சபையில் போய்க் கேட்க எங்களுக்கு ஒரு உறுப்பினர் இல்லை. அதற்கு முந்திய கதை இன்னும் விசேஷம்: தோட்டங்களுக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடை 2018இல்தான் திருத்தப்பட்டது. பாதை போட அனுமதி வந்து ஐந்து வருஷத்தில் சபையே இல்லாமல் போனது.

செலவு: மனுவை நீங்களே தாக்கல் செய்யலாம் என்று உறுப்புரை சொன்னாலும் நடைமுறையில் சட்டத்தரணி வேண்டும், வழக்கு கொழும்பில். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அங்கே கேளுங்கள். இன்னொன்று, உயிர் வாழும் உரிமை என்று தனியாக ஒரு உறுப்புரை எங்கள் அரசியலமைப்பில் கிடையாது. பெரும்பாலும் 12ஆவது உறுப்புரையின் சமத்துவம் வழியாகத்தான் வர வேண்டும். பக்கத்துக் கிராமத்து ஆட்களை இடம் மாற்றிவிட்டு லயத்தை விட்டிருந்தால் அந்த வாதம் பலமாகும். அதற்கும் காகிதம் வேண்டும்.

ஆட்களைப் பிடித்துப் போனால், அடித்தால், இந்த வழிதான் முதல் வழி. அங்கே தகவல் கோரிக்கை எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. சாதாரண சட்டத்தில் கைதான 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது 72 மணித்தியாலம், அதன்பிறகு தடுப்புக்காவல் உத்தரவு. அந்தச் சட்டத்தின் பேரில் பிள்ளைகளைத் தேடி அலைந்த அம்மாமார் மலையகத்திலும் இருக்கிறார்கள். அப்படி ஒன்று நடந்தால் அன்றைக்கே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்குப் போன் எடுங்கள்.

ரோட்டு வழி

இதுதான் எங்களுக்கு மிகவும் பழக்கமான வழி, மிகவும் விலை கொடுத்த வழியும். 1952இல் வாக்குரிமைக்காக எங்கள் ஆட்கள் கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், நூறு நாளுக்கு மேல். சட்டம் மாறவில்லை. 1977 மே மாதம் தோட்டக் காணியைப் பிரித்துக்கொடுப்பதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் மக்கள் நின்றபோது பொலிஸ் சுட்டது, சிவனு லெட்சுமணன் இறந்தார். அந்த ஏழாயிரம் ஏக்கர் காணி தோட்டத்தோடேயே தங்கியது. ஒரு வழி பலித்ததா இல்லையா என்று அட்டவணையில் எழுதும்போது இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

2022இல் ரோடு ஒரு ஜனாதிபதியையே வீட்டுக்கு அனுப்பியது. ஏப்ரலில் கொழும்புக் காலிமுகத்திடலில் தொடங்கி ஜூலை 14இல் ராஜினாமா. இடையில் ஏப்ரல் 19 ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டு நின்ற கூட்டத்தில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். ஜனாதிபதி போன பிறகு, ஜூலை 22 விடியலுக்கு முன்னால் இராணுவம் வந்து கூடாரங்களைப் பிரித்தது. அந்த ஜூலையில் போட்ட அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொன்னது மூன்று வருஷம் கழித்து, 2025 ஜூலையில். ஆட்டம் முடிந்து மைதானம் பூட்டிய பிறகு வந்த விசில்.

எதற்கு ரோடு சரி? ஒரே கோரிக்கை, ஆயிரம் பேர், கெமராக்கள், எதிர்த்தரப்புக்கு நேர நெருக்கடி எல்லாம் சேர்ந்தால் அதைப் போல் வேகமான வழி வேறில்லை. சண்டை போடாத ரோடும் உண்டு. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த பாதையில் ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை மலையக மக்கள் நடந்தார்கள். யாரும் டயர் எரிக்கவில்லை, ஆனால் காணி, வீடு, மொழி என்ற கோரிக்கைகள் சிங்கள ஊர்களுக்குள்ளும் நடந்துபோயின.

பன்னிரண்டு காம்பரா மட்டும் ரோட்டில் உட்கார்ந்தால்? பஸ் நிற்கும், சாரதி திட்டுவார், பொலிஸ் வரும், முதல் வரிசை முகங்களைப் போனில் படம் எடுக்கும். ஊர்வலம் என்றால் ஆறு மணித்தியாலத்துக்கு முன்னால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்று பொலிஸ் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அறிவித்தால் நீதவானிடம் போய்த் தடை உத்தரவு எடுக்கவும் அவர்களுக்கு நேரம் கிடைக்கும். அறிவிக்காவிட்டால் அதுவே குற்றம். வழக்கு விழுந்தால் மாதம் ஒருமுறை கோர்ட், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பேர் போகும். ரோட்டின் உண்மையான விலை அன்றைக்குத் தெரியாது, அடுத்த இரண்டு வருஷம் தவணை தவணையாகக் கட்டுவோம்.

மொட்டைப் பெட்டிசமும் பேஸ்புக்கும்

பேர் போடாத பெட்டிசத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை, பதில் யாருக்கு அனுப்புவது? பேஸ்புக்கில் வெடிப்பின் படத்தைப் போடுங்கள், தேதி விழும், அதுவும் ஒரு ஆதாரம். அதிகாரியின் பேரைப் போட்டுத் திட்டாதீர்கள். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு அந்தச் சூட்டைத் தாங்க வக்கீல் வேண்டும்.

ஒரே பார்வையில்

| | பதில் யார் கைக்கு | நாள் | கைச்செலவு | பயம் | பல் |
|---|---|---|---|---|---|
| தலைவர் | தலைவர் கைக்கு | ஒரு போன் அல்லது ஆறு வருஷம் | சந்தா | குறைவு | கொம்பனியிடம் உண்டு, அரசிடம் ஆளைப் பொறுத்தது |
| தகவல் கோரிக்கை | உங்கள் கைக்கு, எழுத்தில் | சில வாரம், மேன்முறையீடானால் பல மாதம் | தபால் செலவு | தபால் ஆபிஸ் வழி வந்தால் உண்டு | காகிதம் தரவைக்க உண்டு |
| மனித உரிமை ஆணைக்குழு | உங்கள் கைக்கு | பல மாதம் | பஸ் காசு, ஒரு பேர் | குறைவு | இல்லை, ஆனால் மாதக் கணக்கை நிறுத்தும் |
| அடிப்படை உரிமை வழக்கு | உங்கள் கைக்கு | வருஷக் கணக்கு | அதிகம், உதவி கிடைத்தால் குறையும் | நடுத்தரம் | பலமானது |
| ரோடு | எல்லார் காதுக்கும் | ஒரு நாள் அல்லது ஒருபோதும் இல்லை | அன்றைய பேர், பிறகு தவணைகள் | அதிகம் | ஆட்தொகையைப் பொறுத்தது |

அப்போ எது?

இன்று ராத்திரி மழை என்றால் தலைவர். சம்பளம் என்றால் சங்கம். ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்றால் ஆணைக்குழுவும் வழக்கறிஞரும், அதே மணித்தியாலத்தில். மாவட்டம் முழுக்க ஒரே பிரச்சினை என்றால் ரோட்டை யோசிக்கலாம். ஒரு லயம், ஒரு வெடிப்பு, வாயால் சொல்லிவிட்டுப் போன அதிகாரி என்றால் நான் தகவல் கோரிக்கையில்தான் தொடங்குவேன். தலைவர் இதைத் தன்னை நம்பாததாக எடுத்துக்கொள்வார். கொப்பி ஒன்றை அவருக்கும் கொடுங்கள், நல்ல தலைவர் என்றால் அதை வைத்து நன்றாகப் பேசுவார்.

பணிய லயத்து அக்காவுக்கும் அதைத்தான் சொன்னேன். பன்னிரண்டு காம்பராவிலும் கையெழுத்து வாங்கி வந்தார், இரண்டு பேர் கைநாட்டு. என் கடை முகவரி போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். 48 மணித்தியாலம் போய், 14 வேலைநாளும் போய், 23ஆம் நாள் கவர் வந்தது. சிங்களத்தில். பக்கத்துப் பார்மசிக்காரர் வாசித்துச் சொன்னார்: லயத்தில் இருப்பவர்களை அகற்ற வேண்டும் என்ற அறிக்கை, பதினான்கு மாதத்துக்கு முன்னாலேயே இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. தேதி, இலக்கம் எல்லாம் இருந்தது.

அக்கா கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத எழுத்துதான், ஆனாலும் இரண்டு தரம் மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு, "இது வந்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். நான்கு நாள். ஒரு மாதம் இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று வாதாடலாம் என்கிறார் எனக்குத் தெரிந்த சட்டத்தரணி, ஆனால் அதை மலைபோல் நம்பவேண்டாம், இந்த வாரமே முறைப்பாட்டைக் கொடுங்கள் என்கிறார். செவ்வாய்க்கிழமை கண்டிக்குப் போகிறார்கள், மூன்று பேர். பஸ்ஸுக்கும் போகிறவர்களின் பேருக்கும் காம்பராவுக்கு நானூறு ரூபா சேர்த்திருக்கிறார்கள். கடிதத்தில் ஆறு கொப்பி எடுத்துக் கொடுத்தேன். ஒன்று தலைவருக்கு.